வாய்க்குப் போட்ட கையெழுத்து

அத்தியாயம் பதினொன்று

சொந்த அண்ணனையே சந்தேகப்படுகிறவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? பௌர்ணமிப் போயா விடுமுறையும் அதுவுமாகத் தோட்டத்து லய வீடுகளெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தன. நிலக்ஷி மட்டும் விடிவதற்கு முன்பே அடுப்படிக்கு வந்து குந்திக்கொண்டாள்.

போன வாரம் இந்தப் பெண்ணை எந்தச் சங்கடத்தில் விட்டுவிட்டுப் போனோம் என்பது நினைவிருக்கும். ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்து, யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு நிற்காமல், கம்பனிகளின் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து போனவர்களின் தடத்தைப் பிடித்துக் கொடுக்கிறவள் அவள். இந்த வேலைக்குக் கூப்பிடுகிற எவனும் முதலில் நீட்டுவது இரகசிய ஒப்பந்தத்தைத்தான். பார்த்ததையும் கேட்டதையும் கண்டுபிடித்ததையும் வெளியே விடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் கம்ப்யூட்டரைக் கண்ணிலேயே காட்டுவார்கள்.

இரண்டு கிழமைக்கு முன் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனிக்கு அப்படித்தான் போட்டுக்கொடுத்தாள். எந்தத் தோட்டத்து வேலை என்பதைக் கையெழுத்துக்குப் பிறகுதான் சொன்னார்கள். மணிக்கல் தோட்டம்! அவள் பிறந்த தோட்டம். அண்ணன் திலக்ஷன் கிளாக்கராக இருக்கிற அதே ஆபீஸ்.

நேற்று மாலை தடமும் அகப்பட்டுவிட்டது. மாசி மாதம் போயா இரவு, யாரோ ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து கம்பனியின் கோப்புகள் சிலவற்றைப் பிரதி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். என்ன கோப்புகள் என்று அவளுக்குக் காட்டவில்லை. ஆனால் எந்தப் பெயரில் நுழைந்தார்கள் என்பது பளிச்சென்று தெரிந்தது. திலக்ஷன்.

நாளைக் காலையில் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால் அண்ணனுக்கு வேலை போகும். வேலை மட்டுமா, வாசலுக்குப் பொலிசும் வரும். அவனிடமே கேட்டுவிடலாம் என்றால், குடும்பத்தாரிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. இந்த அவஸ்தையை யாரிடம் போய்ச் சொல்வாள், பாவம்!

"ஏண்டி, பேயடிச்சவளாட்டம் குந்தியிருக்க?" அம்மா நாகலெட்சுமி ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டாள். "நேத்து பங்களாவுக்கு ஒரு கார் போச்சாம். அதுல உன்னையாட்டம் ஒருத்தி இருந்தாளாம். தண்ணி புடிக்கிற பீலிக்கரையில அதான் பேச்சு."

"என்னையாட்டம் எத்தனை பேரு இருப்பாங்கம்மா."

"கம்ப்யூட்டர் பையும் வச்சிருந்தாளாம்."

நிலக்ஷி தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண்ணுக்கு இந்தத் தொழில் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது, இல்லையா?

திலக்ஷன் துவாயால் முகத்தைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தான். எப்போதும் தங்கச்சி தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத்தான் உட்காருவான். இன்றைக்கு அதுவும் இல்லை. அவன் பார்வை மூலையில் இருந்த அவளுடைய பையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இவனும் அப்பிடித்தான்" என்றாள் அம்மா. "காமன் கூத்துல ரதி வேசம் கட்டுனதுல இருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கான். போன போயா ராத்திரி முழுக்க ஆடுனானே, யாரு கண்ணு பட்டுச்சோ. சுத்திப்போடணும்னு சொன்னா கேட்டாத்தானே!"

நிலக்ஷிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, ஆமாம்! அது காமன் கூத்து இரவல்லவா? அவளே ஹட்டனிலிருந்து வந்து, பெண்கள் கூட்டத்தோடு காமன் பொட்டலில் நின்று பார்த்தாளே! சேலையும் சவரிமுடியுமாக ரதி ஆடிக்கொண்டிருந்தாள். அந்த ரதி இந்தத் தடியன்தான். பொட்டலை விட்டு ஒரு அடி நகரவில்லை. திரையில் தெரிந்த தேதியை ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்த்தவளுக்கு, அது என்ன நாள் என்பது மட்டும் உறைக்காமல் போயிற்று. அண்ணன் பெயரைக் கண்டதுமே புத்தி மழுங்கிவிட்டது.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்திலேயே இன்னொன்று ஏறிக்கொண்டது. ஆள் பொட்டலில், பெயர் ஆபீசில் என்றால், அந்தப் பெயரை யார் கையில் கொடுத்தான்?

மணிக்கல் தோட்டத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியவன், காமனை எரித்து முடிக்கும் வரை வேலைத்தலத்துப் பக்கம் எட்டிப்பார்க்கக் கூடாது. தன் பொறுப்பை ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் காப்புக் கட்டவே வருவான். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்காரன் என்றால் தராசை ஒப்படைப்பான். ஆபீஸ்காரன் சாவிக்கொத்தை ஒப்படைப்பான். சாவிக்கொத்தோடு பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டானோ இந்த மகராசன்? ஊரில் உள்ள கம்பனிகளுக்கெல்லாம் "பாஸ்வேர்டை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" என்று தொண்டை வரளக் கத்துகிறவள், சொந்த வீட்டில் ஒரு நாள் சொன்னதில்லை.

"அண்ணே" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு. "நீ காப்புக் கட்டுனப்ப ஆபீஸ் சாவிய யாருகிட்டண்ணே குடுத்த?"

ரொட்டியைப் பிட்ட கை அப்படியே நின்றது.

"அத ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"நீ சும்மா கேக்குற ஆளா?"

"கேட்டா என்னண்ணே, சொல்லக்கூடாத விசயமா?"

"உன் பையில என்ன இருக்குன்னு நான் கேட்டா நீ சொல்லுவியா?" என்று எழுந்துவிட்டான் அவன். பாதி ரொட்டி தட்டிலேயே கிடந்தது.

"என்னடா இது, ரெண்டும் காலங்காத்தாலயே முட்டிக்கிதுங்க!" என்று நாகலெட்சுமி கரண்டியும் கையுமாக நின்றாள்.

அண்ணன் எதையோ மறைக்கிறான். அதில் நிலக்ஷிக்குச் சந்தேகமே இல்லை. திருடவில்லை என்பது நிச்சயம். ஆனால் திருடினவனைக் காப்பாற்றுகிறானா? அப்படிக் காப்பாற்ற அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்போம் என்று நிலக்ஷி ஏறிய ஹட்டன் பஸ் சோதனைச் சாவடியில் நின்றது. எல்லோரும் இறங்கி வரிசையாக அடையாள அட்டையைக் காட்டினார்கள். பொலிஸ்காரன் அவள் பையைத் திறந்து மடிக்கணினியைத் தூக்கிப் பார்த்தான்.

"மொகத மே? மொகத கரன்னே?" என்ன இது, என்ன வேலை செய்கிறாய் என்று கேள்வி.

கம்ப்யூட்டர் திருத்துகிறேன் என்று சிங்களத்தில் சொன்னாள். யாருக்கு என்று அடுத்த கேள்வி வந்தது. கம்பனியின் பெயரைச் சொன்னால் ஒப்பந்தம் உதைக்கும், சொல்லாவிட்டால் இவன் உதைப்பான். கடைக்காரர்களுக்கு என்று சொல்லிச் சமாளித்தாள். அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெயரை எழுதிக்கொண்டுதான் விட்டான். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி, அதன் பிறகு அவள்மேல் முழங்கை படாமல் ஒதுங்கியே உட்கார்ந்து வந்தாள்.

சட்டத்தரணி குணபூசணி யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஹட்டன் குளிருக்கு வாக்கப்பட்டு வந்தவர். தோட்டத்து வழக்குகள் எத்தனையோ பார்த்த மனுஷி. விடுமுறை நாளில் கதவைத் தட்டியதற்குக் கோபிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒப்பந்தத்தை வாங்கினார்.

"மேடம், உங்ககிட்ட காட்டுறதே குத்தமாகிடாதே?"

"இல்லைப் பிள்ளை. சட்ட ஆலோசனை கேக்கலாமெண்டு இதிலயே போட்டிருக்கு. ஆனா கம்ப்யூட்டருக்குள்ள என்ன கண்டனீர் எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். நானும் கேக்கேல்லை." ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "கையெழுத்து வைக்க முதல் ஒருத்தரும் என்னட்டை வாறேல்லை. வைச்சுப் போட்டுத்தான் ஓடி வாறது."

"எல்லா கம்பனியும் இதையேதான் மேடம் நீட்டுறாங்க. போடலன்னா வேலை இல்ல."

"அதுக்காக? நீர் தனி ஆள். கம்பனியில வேலை செய்யிறவைக்குப் பின்னால கம்பனி நிக்கும். உமக்குப் பின்னால ஆர் நிக்கினம்?" குணபூசணியின் விரல் ஓர் இடத்தில் நின்றது. "ஊருக்கே தெரிஞ்ச விசயம் இரகசியமில்லையெண்டு இருக்கு. நீர் முந்தியே அறிஞ்சு வைச்சிருந்ததும் இரகசியமில்லை. அதுகளை ஆரோடயும் கதைக்கலாம். கம்பனி காட்டினதையும் நீர் தேடிக் கண்டதையும்தான் கதைக்க ஏலாது."

நிலக்ஷி தலையாட்டினாள். ரதி ஆடியதைத் தோட்டமே பார்த்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லலாம். அந்த மட்டில் ஓர் ஆறுதல்.

"பொறும். இதென்ன? நெருங்கின உறவு ஆரும் அந்த இடத்தில வேலை செய்தால் உடனே அறிவிக்க வேணுமாம். உமக்கு ஆரும் இருக்கினமோ?"

அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பிள்ளை, உம்மைத்தான் கேக்கிறன்."

"கையெழுத்துப் போடுறப்ப எந்த இடம்னு தெரியாது மேடம்."

"தெரிஞ்ச பிறகு?"

"பயந்துட்டேன். நான் விலகுனா வேற யாரையாச்சும் அனுப்புவாங்க. அவங்களுக்கு எங்க ஆளப் பத்தி என்ன தெரியும்? பேரப் பாத்ததும் முடிச்சுவிட்டுருவாங்க." கண் கலங்கிவிட்டது. பதினோரு அத்தியாயமாக வீராப்பாகத் திரிந்த பெண், அந்த முன்னறை நாற்காலியில் சின்னப்பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சினாள்.

குணபூசணி ஒப்பந்தத்தை மடித்து அவள் பக்கம் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இண்டைக்கே போய் அறிவியும். அறிக்கை குடுக்க முதல் அறிவிக்க வேணும். மற்றது, ஒண்டை யோசிச்சுப் பாரும். கொழும்பில இந்த வேலைக்கு ஆக்கள் இல்லையே? அதுகளை விட்டுப்போட்டு உம்மை ஏன் தேடிப் பிடிச்சவங்கள்?"

இந்தக் கேள்வி தோட்டத்துக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவளை விடவில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் அப்போது இதை நினைத்தே பார்க்கவில்லை. நம்மைத் தேடி ஒருவன் வந்தால் நம் திறமைக்காக வந்தான் என்றுதானே யாரும் நினைப்போம்?

தோட்டத்து மனேஜரான துரை ஊரில் இல்லை. பங்களாவில் லக்ஸ்மன் மட்டும் இருந்தார். கொழும்புத் தலைமை ஆபீஸ் அதிகாரி. ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். குரல் உயராத மனிதர். வார்த்தைக்கு வார்த்தை மிஸ் போடுவார்.

"வாங்க மிஸ். ரிப்போர்ட் ரெடியா?"

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும் சார். இந்த ஆபீஸ்ல எங்க அண்ணன் வேலை செய்றாரு. திலக்ஷன். ஒப்பந்தப்படி நான் இத அறிவிக்கணும். இந்த வேலைய நான் செய்றது சரியில்ல, வேற ஆளப் போடுங்க."

திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தாள். மனிதர் தேநீரில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"தெரியும் மிஸ்."

"தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கூப்பிட்டோம். வெளியாள் ஒருத்தர் வந்து தோட்டத்துப் பையன் மேல குற்றம் சொன்னா யூனியன் சும்மா இருக்குமா? தொழிலாளிங்க காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கே வரமாட்டாங்க. கூடப் பிறந்த தங்கச்சி கையெழுத்துப் போட்டுச் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க." சிரித்தார். "உங்க உறவைப் பத்திக் கம்பனிக்கு ஆட்சேபணை இல்லன்னு நான் எழுதியே தந்துடுறேன்."

நிலக்ஷிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொதிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"கம்ப்யூட்டர்ல தெரியிறது பேருதான் சார். அந்தப் பேரோட யாரு வந்து உக்காந்தாங்கன்னு அதுக்குத் தெரியாது. நான் அதையும் சேத்துத்தான் எழுதுவேன்."

"அதெல்லாம் எதுக்கு மிஸ்? உங்க அண்ணன் அன்னைக்குக் கூத்தாடினாரா, கோயிலுக்குப் போனாரான்னு கம்ப்யூட்டர்ல இல்லையே. கம்ப்யூட்டர்ல இருக்கிறத மட்டும் எழுதுங்க. நாளைக்குக் காலையில எனக்கு வேணும்." தேநீரை ஒரு வாய் உறிஞ்சினார். "வெளியில ஒரு சொல் போனா, என்ன நடக்கும்னு ஒப்பந்தத்துல இருக்கு. உங்களுக்கு அப்புறம் எந்தக் கம்பனியும் வேலை தராது. கோர்ட்டுச் செலவுக்கு அந்த மேல்மாடி ரூமை வித்தாலும் காணாது, அது வாடகை ரூம்தானே?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தேயிலை மலைக்கு நடுவே பாதி வழி இறங்கிய பிறகுதான் கால் தானாக நின்றது.

கூத்தாடினாரா என்று ஏன் கேட்டார்? அவள் கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையே! காமன் பண்டிகை எந்த நாள் என்றே கொழும்பு ஆபீசருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அண்ணன் வேஷம் கட்டியது எப்படித் தெரிந்தது? தெரிந்துகொண்டே, அவன்தான் என்று எழுதச் சொல்கிறானா இந்த மனிதன்?

அம்மா கோயில் பூசைக்குப் போயிருந்தாள். திலக்ஷன் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நிலக்ஷி பையைக்கூட வைக்காமல் நேரே அங்கே போனாள்.

"அண்ணே, கூத்து ராத்திரி நீ ரதியா ஆடுன. நான் பாத்தேன், அம்மா பாத்துச்சு, தோட்டத்து மூணு டிவிசனும் பாத்துச்சு. அத நான் எங்க வேணாலும் வந்து சொல்லுவேன். கோர்ட்டுல கேட்டாலும் சொல்லுவேன்."

அவன் வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "கோர்ட்டா? என்ன புள்ள சொல்ற?"

"உன் பாஸ்வேர்ட யாருகிட்ட குடுத்த?"

"கேக்காத."

"அண்ணே!"

"கேக்காதன்னா கேக்காத புள்ள. உன் காலுல வேணாலும் விழுறேன்."

"யாரக் காப்பாத்துற நீ? எந்தப் பொம்பளையாச்சுமா? கூட்டாளியா? சொல்லித் தொலையேன்!"

"ஒருத்தரையும் காப்பாத்தல." குரல் உடைந்தது. "சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

நிலக்ஷிக்குக் காதில் விழுந்தது, ஆனால் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"என்ன கையெழுத்து?"

"ஒப்பந்தமாம். இங்கிலீசுல இருந்துச்சு. சாவியையும் பாஸ்வேர்டையும் யாருகிட்ட குடுத்தேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதாம். அம்மாகிட்ட, உன்கிட்டகூட. கூத்து முடிஞ்ச மறு வாரம் போட்டேன். அதுல இருந்து உன் மூஞ்சியப் பாக்கவே முடியல."

"அந்தப் பேப்பர யாரு கொண்டாந்தா? அதயாச்சும் சொல்லலாம்ல?"

திலக்ஷன் பாத்தியைப் பார்த்தபடி நின்றான். "லக்ஸ்மன் ஐயா."

"அவரு கூத்தப்ப இங்கயா இருந்தாரு?"

"துரைக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரே. உனக்கு அப்ப ஆளத் தெரியாது. ஆடிக்கிட்டே பாத்தேன், பாதியில எந்திரிச்சுப் போனாரு. அப்புறம் திரும்பி வரல." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். "இதையும் சொல்லியிருக்கக்கூடாதோ என்னவோ."

"அத நீ மட்டுமா பாத்த? பொட்டலே பாத்துச்சுண்ணே." சாவி யார் கையில் போயிற்று என்று இனி அவள் கேட்க வேண்டியதில்லை. தலைமை ஆபீசிலிருந்து வந்த ஐயா கை நீட்டினால், தோட்டத்துக் கிளாக்கர் எதைத்தான் கொடுக்காமல் இருப்பான்?

"நீ ஒண்ணும் பயப்படாத புள்ள" என்றான் திலக்ஷன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் முகத்தில் பழைய சிரிப்பு எட்டிப்பார்த்தது. "வாயத் தொறக்காம இருந்தா என் வேலைக்கு ஒரு கொறையும் வராதுன்னு அவரே சொன்னாரு. தங்கமான மனுசன். சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டாரு."

நிலக்ஷிக்கு அழுகை வந்தது. அழுகையை மிஞ்சிக்கொண்டு ஆத்திரம் வந்தது. நாளைக் காலையில் கழுத்தில் கத்தி வைக்கப் போகிறவனைத் தங்கமான மனுஷன் என்று சொல்கிறானே, இந்த வெள்ளந்தியை என்ன செய்வது! அவள் போட்ட ஒப்பந்தப்படி ஐந்து வருஷத்துக்கு ஒரு சொல் வெளியே போகக் கூடாது. போனால் ஹட்டன் அறை போகும், தொழில் போகும், படித்த படிப்பு வீணாகும். எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் வாயைத் திறந்தாள்.

"அந்தத் தங்கமான மனுசன் நாளைக்கிக் காலையில நீதான் திருடன்னு என்கிட்ட எழுதி வாங்கப் போறாருண்ணே. அதுக்குத்தான் என்னைய இங்க கூட்டியாந்திருக்காரு. இத நான் உன்கிட்ட சொல்லக்கூடாது."

வாளி சாய்ந்து தண்ணீர் பாத்தியெல்லாம் ஓடியது. இரண்டு பேரும் அதை நிமிர்த்தவில்லை. திலக்ஷன் தங்கச்சியின் முகத்தையும், அவள் தோளில் தொங்கிய பையையும் மாறி மாறிப் பார்த்தான். கேட்கப் பயந்தவன்போலக் கேட்டான்.

"அப்ப... நீயும் கையெழுத்துப் போட்டிருக்கியா?"